எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது ஏன்? டயாலிசிஸ் செய்துகொள்ளலாமா?

சிறுநீரகச் செயலிழப்பு என்பது, இரத்தத்தில் சேரும் கழிவையும் மிகுதியான நீரையும் வெளியேற்றும் திறனைச் சிறுநீரகங்கள் பெருமளவு இழந்துவிடும் நிலையாகும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: கட்டுப்படுத்தப்படாத வைரஸ் சிறுநீரகத்தின் வடிகட்டும் செல்களையே தாக்கலாம், டெனோபோவிர் டைசோபுராக்சில் என்னும் எச்.ஐ.வி. மருந்து சிலருக்குச் சிறுநீரக நுண்குழாய்களைப் பாதிக்கலாம், நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மற்றவர்களைப் போலவே இவர்களையும் விட்டுவைப்பதில்லை. வலை கிழிந்த வடிகட்டியில் தேநீரோடு தூளும் இறங்குவதுபோல, பழுதான சிறுநீரகத்தில் புரதம் சிறுநீரோடு கசிகிறது. சிறுநீர் அதிகமாக நுரைப்பது அதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் தொடக்கத்தில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதால், சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள், இரத்தத்தில் அளக்கப்படுவது) ஆகிய பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொள்வதே நல்லது. (டோலுடெகிராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தை உட்கொள்வோருக்குச் சிறுநீரகம் கெடாமலே கிரியேட்டினின் சற்று உயரக்கூடும், அதைக் கண்டு தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது.)

டயாலிசிஸ் தாராளமாகச் செய்துகொள்ளலாம். இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறும். லாமிவுடின் போன்ற எச்.ஐ.வி. மருந்துகளின் அளவை மட்டும் மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தனி டயாலிசிஸ் இயந்திரம் தேவை என்று பலர் எண்ணுவது தவறு. தனி இயந்திரம் பரிந்துரைக்கப்படுவது ஹெபடைடிஸ் பி தொற்றுக்குத்தான், எச்.ஐ.வி.க்கு எல்லா நோயாளிகளிடமும் கடைப்பிடிக்க வேண்டிய வழக்கமான பாதுகாப்பு முறைகளே போதும்.