பூட்டிய கதவும் பதினோரு நோட்டும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பஸ் நிலையத்துக்கு எதிரே 'நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம்' என்று பலகை தொங்குகிறது. நான்கு முறை போனேன். நான்கு முறையும் பூட்டு. இத்தனை மணிக்குத் திறக்கவேண்டும் என்று விதி எதுவும் கிடையாதா அம்மா?
- பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: கிடையாது. பணத்துக்கு விதி உண்டு, பூட்டுக்கு இல்லை. சம்பளம் போக, தொகுதிப் படி என்று மாதம் 87,000 ரூபாய், அலுவலகச் செலவுக்கு 75,000 ரூபாய். 2025 மார்ச்சில் உயர்த்தி, 1-4-2023 முதல் கணக்கிட்டுத் தருகிற தொகை இது. அந்த 75,000-இல் 50,000 உதவியாளர் சம்பளத்துக்கு, மீதி காகிதம், தபால் வகையறாவுக்கு. உதவியாளர் டெல்லியில் உட்காருவதா, தொகுதியில் உட்காருவதா, எந்தக் கிழமையில் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் உறுப்பினரின் மனசைப் பொறுத்தது.

அப்படித் தொகுதியில் உட்கார்ந்தவள்தான் நான். ஓர் உறுப்பினரிடம் பத்து வருடம். மருந்துக் கடைக்கு மேல் மாடி, பதினெட்டுப் படி. முழங்கால் வலிக்காரர்கள் கீழே நின்றபடியே குரல் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி தயிர்க்காரருக்குக் காசு இறக்குகிற கூடையை இரவல் வாங்கி, மனுவைக் கயிற்றில் மேலே இழுத்திருக்கிறேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி என்றால் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். 2024-இல் மாநிலத்தின் வாக்காளர்கள் ஏறக்குறைய 6.23 கோடி. 39-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குப் பதினாறு லட்சம் பேர். அத்தனை பேருக்கும் ஒரு மாடி அறை! இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

இரண்டாம் வருடம் உறுப்பினரிடம் சண்டை போட்டு ஒரு மடக்கு மேசை வாங்கினேன். ஆறு ஊர்ச் சந்தைக்கும் முறை வைத்துப் போனேன். முதல் நாள் ஓர் ஈ, காக்கை வரவில்லை. ஏலச்சீட்டு நடத்த வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். மறுவாரம் 'மனு எழுதித் தரப்படும், காசு வேண்டாம்' என்று அட்டையில் எழுதி மேசையில் சாய்த்து வைத்தேன். மத்தியானத்துக்குள் பேனா மை தீர்ந்தது.

உங்கள் பூட்டுக்கு வருவோம். ஐந்தாவது முறை போகாதீர்கள். மக்களவை இணையதளத்தில் உங்கள் உறுப்பினரின் டெல்லி முகவரியும் மின்னஞ்சலும் இருக்கின்றன. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் முதல் வரியில் நான்கு முறை போன நான்கு தேதிகளையும் எழுதுங்கள். தேதி போட்ட கடிதத்தைக் குப்பையில் போடுவதற்குக் கை கூசும்.

கேள்வி: எங்கள் ஊரில் எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று நிற்கவேண்டும் என்று மூன்று வருடமாக மனுக் கொடுக்கிறோம். கையெழுத்து மட்டும் எழுநூறு. பதில் இல்லை. நாடாளுமன்றத்தில் நம் பேச்சு ஏறவே ஏறாதா?
- டெல்டாப் பகுதி வாசகி

பதில்: எழுநூறு கையெழுத்து இருக்கட்டும். மனுவில் என்ன எழுதியிருந்தீர்கள்? "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றுதானே? நானும் முதல் வருடம் முழுக்க அதைத்தான் எழுதினேன். உறுப்பினர் கையெழுத்திட்டு ரயில்வே அமைச்சருக்கு அனுப்புவார். முதலில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். பிறகு 'இயக்க ரீதியாகச் சாத்தியமில்லை' என்று வரும். அதோடு கதை முடிந்தது.

கோரிக்கை வேறு, கேள்வி வேறு. "ரயில் நிற்கவேண்டும்" என்பது கோரிக்கை. "இந்த நிலையத்தில் கடந்த மூன்று ஆண்டுகளின் டிக்கெட் வருவாய் எவ்வளவு? நிறுத்தம் தருவதற்கு ரயில்வே வைத்திருக்கும் அளவுகோல் என்ன? இந்த நிலையம் அதை எட்டுகிறதா? எட்டினால் ஏன் தரவில்லை?" என்பது கேள்வி. கேள்விக்கு அமைச்சகம் ஏதாவது ஒரு பதிலை அச்சில் தந்தாகவேண்டும். குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக உறுப்பினர் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்வி 20, அதற்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்லவேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதவை 230, அவற்றுக்கு எழுத்தில்தான் பதில். எது பட்டியலில் ஏறும் என்பது குலுக்கல். குலுக்கலில் விழாவிட்டால் அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி போடச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம், நாங்கள் ஒரு சுரங்கப் பாலத்துக்காக நான்கு கூட்டத்தொடர் போட்டோம்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பதில் இணையதளத்தில் வரும், ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கேட்டவர் பூக்கட்டுகிற அம்மாள். அவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? தொகுதி அலுவலகம் என்று ஒன்று இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கட்சி. நான் பதிலைத் தமிழில் எழுதி, ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் ஒட்டுவேன். சாதகமான பதிலா, பாதகமா என்று பார்ப்பதில்லை. பாதகமான பதிலை ஒட்டிய நாளில்தான் கடைக்காரருக்கு வியாபாரம் அதிகம்.

கேள்வி: கேந்திரிய வித்யாலயாவில் என் பேத்திக்கு இடம் வாங்க எம்.பி.யின் சிபாரிசுக் கடிதம் கிடைக்குமா?
- வாசகர், ஆவடி

பதில்: அந்த வழி அடைத்தாயிற்று. ஓர் உறுப்பினர் வருடத்துக்குப் பத்துக் குழந்தைகளுக்குச் சிபாரிசு செய்யலாம் என்று இருந்தது. 2022-இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அவர் உங்கள் பேத்தியைப் படிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை.

கேள்வி: உறுப்பினரே வேண்டாம், நேராக நாடாளுமன்றத்துக்கே மனுப் போடலாம் என்கிறார் என் நண்பர். உண்மையா?
- வாசகர், தென்காசி

பதில்: உண்மைதான். மக்களவையில் மனுக்கள் குழு என்று பதினைந்து உறுப்பினர்கள் கொண்ட குழு இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் அளிக்கலாம். மக்களவைப் பொதுச் செயலாளருக்கும் அனுப்பலாம். விஷயம் பொதுநலன் சார்ந்ததாக இருக்கவேண்டும். நீதிமன்றத்தில் இருக்கிற வழக்கை ஏற்கமாட்டார்கள். தமிழில் எழுதலாம், ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டு இணைக்கவேண்டும். அந்த மொழிபெயர்ப்புக்கு எங்கே போவது? மறுபடியும் யாராவது ஒருவரின் மாடிப்படி ஏறவேண்டியதுதான்.

கேள்வி: என் மகனோடு சில மாதம் சிங்கப்பூரில் இருந்தேன். அங்கே வாரம் ஒரு மாலை, வீவக (அந்நாட்டு அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு எம்.பி. உட்கார்ந்திருக்கிறார். டோக்கன் வாங்கி வரிசையில் போய்ப் பேசலாம். நம் ஊரில் ஏன் முடியாது?
- வாசகி, காரைக்குடி

பதில்: டேவிட் மார்ஷல் சிங்கப்பூரின் முதலமைச்சராக இருந்தபோது, 1955-இல் தொடங்கிய பழக்கம் அது. நல்ல பழக்கம். ஆனால் கணக்கையும் பாருங்கள். அங்கே ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக முப்பதாயிரத்துக்கும் குறைவான வாக்காளர்கள். லிஃப்டில் இறங்கி வந்தால் அவர் இருக்கிறார். இங்கே பதினாறு லட்சம் பேர், ஆறு ஊர், ஒரு மனிதர். அதிலும் பட்ஜெட் கூட்டத்தொடர் வந்தால் அந்த மனிதர் டெல்லியில் இருக்கவேண்டும், இருக்காவிட்டாலும் நாம்தான் திட்டுவோம். ஆகவே நான் உறுப்பினர் உட்காரவேண்டும் என்று கேட்கவில்லை. உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஓர் ஆள், மாறாத கிழமை, மாறாத இடம், அதுவும் தரைத்தளத்தில். இதற்கு லிஃப்டும் வேண்டாம், சிங்கப்பூரும் வேண்டாம்.

கேள்வி: தெருவிளக்கு எரியவில்லை என்று எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். "இதெல்லாம் இங்கே இல்லை" என்று விரட்டிவிட்டார்கள். சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விளக்கு அவர்கள் வேலை இல்லை, விரட்டியது தவறு. என் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்குமேல் பட்டா, குடிநீர், முதியோர் உதவித்தொகை. எதுவும் டெல்லி சமாச்சாரம் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் எந்த அலுவலகம், எந்த அதிகாரி, என்ன சான்று எடுத்துப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். இரண்டு நிமிட வேலை. அந்தச் சீட்டைப் பணப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனவர்கள், நிஜமான நாடாளுமன்றக் கேள்வி ஒன்று வந்தபோது என்னிடம் திரும்பி வந்தார்கள்.

கேள்வி: சென்ற இதழில் 'பதினோரு நோட்டு' என்று ஒரு வரியில் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அதில் என்ன இருக்கிறது?
- வாசகி, ஈரோடு

பதில்: மனு வந்த தேதி, யார், எந்த ஊர், எங்கே அனுப்பினோம், என்ன பதில் வந்தது. ஐந்து பத்தி போட்ட நீள நோட்டு. பதில் வந்தால் சிவப்பு மையில் கோடு. எங்கள் உறுப்பினர் மூன்றாம் முறை நின்றபோது தோற்றார். மருந்துக் கடைக்காரர் மாடியை ஒரு டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். நோட்டுகளை ஒரு சணல் பையில் போட்டுப் புதிய உறுப்பினரின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், காப்பி கொடுத்தார்கள். "அது அவர் காலத்து மனு அம்மா" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனு யாருடைய காலத்தது? கொடுத்தவர் அதே தெருவில்தான் இருக்கிறார், அமைச்சகமும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. அலுவலகம் உறுப்பினருடையதாக இருக்கிறது, நாடாளுமன்றத்துடையதாக இல்லை. அதனால் தேர்தலுக்குத் தேர்தல் தொகுதிக்கு நினைவு தப்பிப்போகிறது. தமிழ்நாட்டில் பல சட்டமன்றத் தொகுதிகளில் உறுப்பினருக்கு அரசே கட்டடம் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆள் மாறினாலும் சுவர் மாறாது. மக்களவைத் தொகுதிக்கும் அப்படி ஒரு சுவரும், அதற்குள் பூட்டுப் போட்ட ஒரு பீரோவும், பீரோவோடு மாறாத ஒரு குமாஸ்தாவும் வேண்டும்.

நோட்டுகள் இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பதினோராவது நோட்டில் சிவப்புக் கோடு விழாத மனுக்கள் நாற்பத்து மூன்று. அதில் இரண்டு பேர் இன்னும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் "ஏதாவது வந்ததா?" என்று கேட்கிறார்கள்.