கறுப்புக்குள் இருக்கும் நீலம்

அன்புள்ள ஐயா,

நார்வே ஓவியர் ஒட் நெர்ட்ருமின் படங்களைப் பார்த்து ஆயில் கலரில் பழகுகிறேன். அவருடைய ஐஸ்லாந்து அந்தி வானம் எனக்கு வரவேயில்லை. பிரஷ்யன் நீலத்தில் வெள்ளை சேர்த்தால் பள்ளிக்கூடச் சுவர்போல் ஆகிவிடுகிறது. அந்த உள்முகமான தனிமையை எப்படிக் கொண்டுவருவது? ஐஸ்லாந்தை நேரில் பார்த்தால்தான் முடியுமா? தடித்த பரப்புக்கு லின்ஸீட் (ஆளிவிதை) எண்ணெயைக் கூட்டலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

போக முடிந்தால் போய் வாருங்கள், முடியாவிட்டால் குறையில்லை. தனிமை தானாக வரும், அதைத் தேடாதீர்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் பிரஷ்யன் நீலம். வடதேச ஓவியங்களில் நாம் நீலம் என்று நம்புவது எவ்வளவு தூரம் கறுப்பு என்றுதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நெர்ட்ரும் பெரிதும் நம்பியது வெள்ளை, மஞ்சள் ஓக்கர், சிவப்பு, கறுப்பு என்ற நான்கைத்தான். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பேர்பெற்றதும் இதே நான்கால்தான். நீலத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்த வேலையை ஐவரி கறுப்பு செய்கிறது.

செய்து பாருங்கள். கேன்வாஸில் அம்பர் (umber) என்ற பழுப்பு மண்நிறத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லப் பூசிக் காயவிடுங்கள். நான்கு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு ஐவரி கறுப்பு. பேலட்டில் அது வெறும் சிமென்ட் நிறமாகத் தெரியும், பயப்படாதீர்கள். ஓக்கரில் துளி சிவப்பும் இந்தச் சாம்பலும் கலந்து தரையை முதலில் போடுங்கள். அதன் மேல்விளிம்பை ஒட்டிச் சாம்பலை வையுங்கள். கண்ணெதிரே நீலமாகும். கண் எந்த நிறத்தையும் பக்கத்து நிறத்தை வைத்துத்தான் அளக்கிறது. நீலம் போதவில்லையா? வானத்தைத் தொடாதீர்கள், தரையில் ஒரு பொட்டு ஓக்கரைக் கூட்டுங்கள். எல்லோரும் வானத்தில் நீலத்தைக் கொட்டுகிறார்கள், நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். பிரஷ்யன் நீலத்தின் வீரியத்துக்கு மிளகளவே போதும், மற்ற நிறங்கள் அமுங்கிப்போகும். சோர்ன் காலத்து வெள்ளை ஈயவெள்ளை. உங்கள் டியூபில் இருப்பது டைட்டானியம் என்றால் அது இன்னும் பலமானது, கலவை சுண்ணாம்படித்ததுபோல் ஆகும். வெள்ளையைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள்.

இன்னொன்று, ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் 64 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே கோடையில் சூரியன் சாய்வாக நழுவி இறங்குவதால் அந்தி மணிக்கணக்கில் நிற்கும், நிழல்கள் கரைந்துவிடும். எனவே மலைவிளிம்பை ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் வானத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

எண்ணெயைக் கூட்டலாமா என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் கடுமையாகவே சொல்கிறேன்: கூடவே கூடாது. நெர்ட்ருமே 1980களில் தானாகக் கலந்துகொண்ட எண்ணெய்க் கலவையால் சில படங்கள் வெப்பத்தில் உருகி வழிந்தன. ஐஸ்லாந்தைப் பிடிக்கப்போய் அவருடைய தவறைப் பிடித்துக்கொள்கிறீர்கள். லின்ஸீட் எண்ணெய் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. தடிமனாகப் போட்டால் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும். பிறகு சுருங்கும், மஞ்சளிக்கும். ஐவரி கறுப்பு எண்ணெயை அதிகம் குடிக்கும், மெதுவாகக் காயும். அதன்மேல் சீக்கிரம் காயும் அம்பரைப் பூசினால் வெடிப்பு நிச்சயம். அம்பர் அடியில், கறுப்பு மேலே. தடிமன் வேண்டுமானால் டியூப் கலரை ஒரு மணிநேரம் காகிதத்தில் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டுக் கத்தியால் எடுத்துப் பூசுங்கள்.

முதலில் ஒரு சாண் துணியில் மட்டும் இதையெல்லாம் செய்யுங்கள். ட்யூப்லைட்டில் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம், அந்த வெளிச்சமே சாம்பலை நீலமாகக் காட்டிவிடும். காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.