பழைய அறிவு எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்? கேள்வி பதில்

புதியதை வகைபிரிக்கக் கற்கும்போது ஏற்கெனவே தெரிந்தது என்ன செய்கிறது? மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட மண்டோர்: சார், வாழைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆட்கள் நிறத்தைப் பார்த்தே குலை வெட்டுகிறார்கள். ஆலையில் காய் என்று கழிக்கிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை.

மண்டை நன்றாக வேலை செய்கிறது அண்ணே, அதுதான் தொல்லை. ‘நிறம் மாறினால் பழம்’ என்ற விதி செம்பனையிலும் பாதி நேரம் பலிக்கும். பலிக்கிறவரை கண் வேறு அடையாளத்தைத் தேடாது. உளவியலாளர் லியோன் கேமின் 1960களின் கடைசியில் எலிகளிடம் இதைக் காட்டினார்: சத்தம் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று பழகிய எலி, பின்னால் சத்தத்தோடு சேர்த்துக் காட்டிய விளக்கைக் கண்டுகொள்ளவே இல்லை.

அதனால் கறுப்புக் காய், சிவந்த பழம் என்று சுலபமானதை முதலில் காட்டாதீர்கள். நிற விதி இன்னும் இறுகிவிடும். பத்துக் குலையை வரிசையாகப் போட்டு அவர்களையே பிரிக்க விடுங்கள். ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். பிறகு இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: சிவந்திருந்தும் ஒரு பழம்கூட உதிராத குலை, நுனி கறுத்திருந்தும் பழம் உதிர்ந்த இடத்தில் குழிகள் உள்ள குலை. குழியை விரல் வைத்து எண்ணச் சொல்லுங்கள். மலேசிய செம்பனை வாரியத் தரப்படி, ஆலையில் பார்க்கும்போது குறைந்தது 10 புதுக்குழி வேண்டும். சரியா தப்பா என்பதைக் குலைக்குக் குலை அங்கேயே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் மொத்தமாகச் சொன்னால் எந்தக் குலை என்று யாருக்கு ஞாபகம்?

பச்சைக் காய் வகை மரங்கள் இருந்தால் அவற்றை வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள். அவை பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறுவதால் நிற விதி மறுபடி தலைதூக்கும்.

தோட்டக் கிராணி: காரணமெல்லாம் எதற்கு? எண்ணிக்கையை மனப்பாடம் செய்தால் போதாதா?

போதாது. ஆய்வாளர் மைக்கேல் பஸானி 1991இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். படத்தில் பெரியவரோ குழந்தையோ பலூனை இழுக்கிறார், அல்லது தண்ணீரில் முக்குகிறார். படங்களைப் பிரிக்க ‘பெரியவர், அல்லது இழுத்த பலூன்’ என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டிய விதி. ‘ஆல்ஃபா’ என்ற வெறும் பெயரோடு கற்றவர்கள் திணறினார்கள். ‘இந்த பலூனை ஊத முடியுமா?’ என்று கேட்கப்பட்டவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஊதுவதற்குப் பலம் வேண்டும், இழுத்த பலூன் இளகும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். குலைக்கும் அப்படியொரு காரணம் உண்டு: சதையில் எண்ணெய் நிறைந்து பழுக்கும்போதுதான் பழத்தின் அடிப்பிடி தளர்ந்து உதிர்கிறது. சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: திமிங்கலம் மீன் இல்லை என்றால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். சோதனையில் மீன் என்றே எழுதுகிறார்கள்.

‘இல்லை’ என்பதோடு நிறுத்தினால் பழைய பெட்டி காலியாகாது, டீச்சர். வாலைக் காட்டுங்கள். மீனின் வால் இடவலமாக அசையும். திமிங்கலத்தின் வால் மேலும் கீழும். ஓடும் நாயின் முதுகும் மேலும் கீழும்தான் வளையும். திமிங்கலத்தின் முன்னோரும் நிலத்தில் நடந்த பாலூட்டிகள். நுரையீரலையும் பாலையும் அதோடு கோத்துச் சொல்லுங்கள். அடுத்து டால்பின், சுறா இரண்டின் படத்தையும் கொடுத்து, வாலை மட்டும் பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இல்லத்தரசி: மழைக்குப் பிறகு லயத்து வீடுகளுக்குப் பின்னால் வெள்ளைக் குடைக் காளான் முளைக்கிறது. மாமியார், “ஊரில் தின்றதுதான் இது” என்கிறார்.

பறிக்க விடாதீர்கள் அக்கா. இங்கே பழைய அறிவை நம்பவே கூடாது. வெப்பநாட்டுப் புல்வெளிகளில் வரும் ஒரு நச்சுக் குடைக்காளான், தின்னும் வகை போலவே இருக்கும். குடையை வெள்ளைத் தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் அது பச்சைத் தூள் விடும். தூள் வெள்ளையாக விழுந்தால் தின்னலாம் என்று பொருளில்லை. ஆளைக் கொல்லும் அமனிட்டா என்ற காளான் வகைகளுக்கும் தூள் வெள்ளைதான்.