பீரில் பாதி நுரை: அழுத்தத்தைக் குறைப்பதா, டியூபை மாற்றுவதா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். வீட்டில் கெக்கிலிருந்து (பீர் அடைத்த உலோகப் பீப்பாய்) பீர் பிடிப்பதற்காக ஒரு கெக்ரேட்டர் (கெக்கைக் குளிரவைத்து, மேலுள்ள குழாய் வழியே பீரைத் தரும் பெட்டி) வாங்கினேன். அதனுடன், கெக்கிலிருந்து குழாய்க்குப் பீரைக் கொண்டுசெல்லும் ஐந்தடி டியூப் வந்தது. பீரைத் தள்ளும் கரியமில வாயுவின் அழுத்தம் 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), குளிர் 3 டிகிரி செல்சியஸ். எத்தனை கோப்பை பிடித்தாலும் பாதி நுரைதான். அழுத்தத்தை 6-க்குக் குறைக்கும்படி விற்பனையாளர் சொல்கிறார். நண்பர் ஒருவரோ, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் விலையுயர்ந்த குழாயை (பீர் பிடிக்கத் திறந்து மூடும் முனையை) வாங்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: தயவுசெய்து அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். 3 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. இருக்கும்போது, பீர் தன் கன அளவைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கரியமில வாயுவைத் தனக்குள் வைத்திருக்கும். பெரும்பாலான பீர்களுக்கு அதுவே உரிய அளவு. அழுத்தம் குறைந்தால் கரைந்திருந்த வாயு டியூபுக்குள்ளேயே குமிழியாகப் பிரிந்து நுரையை மேலும் கூட்டுவதோடு, சில நாட்களில் கெக்கில் உள்ள பீரும் உயிரற்றுச் சப்பென்று ஆகிவிடும்.

மாற்ற வேண்டியது டியூபைத்தான். கெக்கிலிருந்து தள்ளும் அழுத்தத்தை, டியூபின் உட்சுவர் உராய்வும் குழாய் இருக்கும் உயரமும் வழியிலேயே தேய்த்துவிட வேண்டும். உயரம் அடிக்குச் சுமார் அரை பி.எஸ்.ஐ.யை மட்டுமே எடுத்துக்கொள்ளும்; மீதி முழுவதும் உராய்வின் பொறுப்பு. உள்விட்டம் 3/16 அங்குலமுள்ள வினைல் டியூப் அடிக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை குறைக்கும் என்று அட்டவணைகள் கூறுவதால் ஐந்தடி போதும் என்று கணக்கு வருகிறது. ஆனால் அந்த எண்கள் நிமிடத்துக்கு ஒரு கேலன் பாயும் மதுக்கூட வேகத்துக்கு உரியவை. வீட்டில் நாம் விரும்பும் மெதுவான ஓட்டத்தில் உராய்வு குறைந்துவிடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் பத்தடி வரை வைக்கிறார்கள். இதைச் சொல்லாமல் ஐந்தடி டியூபைக் கொடுத்து விற்பது வாங்குபவருக்குச் செய்யும் நியாயமல்ல.

எனவே உணவுத் தரமுள்ள 3/16 அங்குல டியூபைப் பன்னிரண்டு அடி வாங்குங்கள். கால் அங்குல டியூபைத் தவறியும் வாங்க வேண்டாம்; அதன் உராய்வு மிகக் குறைவு. நீளம் கூடினால் பீர் மெதுவாக வரும், அவ்வளவே. வேகம் போதாதென்று தோன்றினால் அரையடி அரையடியாக வெட்டிக்கொள்ளலாம். நண்பர் சொன்ன குழாய் கெடுதலல்ல. ஆனால் சில டாலர் டியூபே தீர்க்கும் குறைக்கு அத்தனை செலவு தேவையில்லை.

முதல் கோப்பை மட்டும் நுரைத்திருந்தால், குழாய்த்தண்டு (கெக்ரேட்டரின் மேல் குழாயைத் தாங்கி நிற்கும் உள்ளீடற்ற தண்டு) சூடாக இருப்பதையே முதலில் சந்தேகித்திருப்பேன். அதற்குள் குளிர்காற்றைச் செலுத்தும் சிறு மின்விசிறி போதும். உங்களுக்கு எல்லாக் கோப்பையும் நுரைப்பதால் டியூபிலிருந்தே தொடங்குங்கள்; பிடிக்கும்போது குழாயைப் பாதி திறக்காமல் முழுவதுமாகத் திறங்கள்.