அண்ணன் கூட வரட்டும், அறை வேறாக இருக்கட்டும்

கேள்வி: எனக்கு 26 வயது, கோவையில் ஐ.டி. வேலை. செப்டம்பர் கடைசியில் அண்ணன் (29), கல்லூரியில் படிக்கும் தங்கை (19), என் தோழிகள் இருவர் (26) என ஐந்து பேர் முதுகுப்பையோடு ஐரோப்பா போகிறோம். டூர் கம்பெனி கிடையாது. ரயிலில் பயணம், ஹாஸ்டலில் தங்கல். 16 இரவுகளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, இன்டர்லாகன், வெனிஸ், ரோம். "அண்ணன் எந்நேரமும் கூடவே இருந்தால் போங்க" என்கிறார் அம்மா. ஹாஸ்டலில் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுப்பார்களாமே என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அண்ணனோ எக்செல் போட்டு எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறான். தோழிகள் முகம் சுளிக்கிறார்கள். யூரெயில் பாஸ் (பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸ்) வாங்கலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அம்மாவின் நிபந்தனை இல்லை, அந்த எட்டு ஊர்ப் பட்டியல்தான். 16 இரவுக்கு எட்டு ஊர் என்றால், இரண்டு நாளுக்கு ஒருமுறை மூட்டை கட்ட வேண்டும். ஹாஸ்டலில் காலை பத்து, பதினொன்றுக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மாலை மூன்று மணிக்குத்தான் கட்டில் கிடைக்கும். இடைப்பட்ட நேரமெல்லாம் ஐந்து பேரும் பையைச் சுமந்துகொண்டு, குளிக்காமல், பசியோடு சுற்ற வேண்டியிருக்கும். அண்ணன் தங்கை சண்டைகள் பிறப்பது அந்த நேரத்தில்தான்.

ஐந்து ஊர் போதும். பாரிஸ் நான்கு இரவு, பெர்லினுக்குப் பதில் மியூனிக் மூன்று, வியன்னா மூன்று, ஒரு இரவு ரயிலில், வெனிஸ் இரண்டு, ரோம் மூன்று. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புவது போல விமான டிக்கெட் எடுங்கள். ஆரம்பித்த ஊருக்கே திரும்பி வருவதில் ஒரு நாள் வீணாகும்.

செப்டம்பர் கடைசி என்பதையும் மாற்றுங்கள். அப்போது மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா நடக்கும். பெயரில்தான் அக்டோபர், கொண்டாட்டம் தொடங்குவது செப்டம்பர் மூன்றாம் வாரத்தில். அந்த நாட்களில் ஹாஸ்டல் கட்டிலுக்கு நல்ல ஹோட்டல் அறையின் விலை சொல்வார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை.

விசாவில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதலில் இறங்குவது பாரிஸ், அதனால் பிரான்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸில் உங்களுக்கு நான்கு இரவு, வெனிஸும் ரோமும் சேர்த்து இத்தாலியில் ஐந்து. ஆக, இத்தாலி. நாள் கணக்கு சமமாக வந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. ஆளுக்கு 90 யூரோ கட்டணம், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஐந்து பேரும் ஒன்றாகப் போய்க் கொடுத்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுப்பார்கள். ஒருவருக்கு மட்டும் மறுக்கப்பட்டால் மற்றவர்கள் போவதா, நிற்பதா? இதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். தங்கைக்கு வருமானம் இல்லை. அப்பாவின் பொறுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், கல்லூரியின் அனுமதிக் கடிதம் எல்லாம் தேவைப்படும்.

யூரெயில் பாஸ்? உங்களுக்கு வேண்டாம். ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில், நம்மைப் போல வெளியிலிருந்து போகிறவர்களுக்கு யூரெயில். 27 வயது வரை சலுகை உண்டு. உங்கள் நால்வருக்கும் அது கிடைக்கும், அண்ணன் முழு விலை கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் வழியில் பெரிய பயணமே நான்குதான். பாஸ் இருந்தாலும் பிரான்ஸின் டி.ஜி.வி. அதிவேக ரயிலிலும் இத்தாலியின் அதிவேக வண்டிகளிலும் இரவு ரயிலிலும் இருக்கைக்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். வெனிஸ்–ரோம் பாதையில் இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வண்டி விடுகின்றன. அவற்றில் ஒன்றான இத்தாலோ யூரெயில் பாஸை ஏற்பதில்லை. காலையில் எழுந்து "இன்று எங்கே போகலாம்" என்று கேட்கிறவர்களுக்குத்தான் பாஸ் லாபம். எக்செல் போடுகிற அண்ணன் உள்ள வீட்டுக்கு முன்கூட்டியே எடுக்கும் தனி டிக்கெட்தான் சரி. விசா முத்திரை விழுந்த அன்றே எடுத்துவிடுங்கள். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

மியூனிக்கில் மட்டும் ஒரு அதிர்ஷ்டம். பயர்ன் டிக்கெட் என்று ஒன்று விற்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை நாள் முழுக்க, மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் போகலாம். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும். ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும், ஐ.சி.இ. போன்ற வேக வண்டிகளில் செல்லாது. இன்டர்லாகனைக் கேட்டது அண்ணனாகத்தான் இருக்கும். அங்கிருந்து போகும் யுங்ஃப்ராவ் மலை ரயிலுக்கு முழுக் கட்டணம் 200 சுவிஸ் பிராங்கைத் தாண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பதில் இந்த பயர்ன் டிக்கெட்டில் கார்மிஷ் என்ற ஊர் வரை போய், 2,962 மீட்டர் உயர சுக்ஸ்பிட்ஸ மலையை அடிவாரத்திலிருந்து பார்க்கலாம். மேலே ஏற வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு.

வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயில். உட்காரும் இருக்கை மலிவாகத் தெரியும், எடுக்காதீர்கள். படுக்கைப் பெட்டி நம்மூர் ஸ்லீப்பரைப் போலத்தான், ஆனால் அறைக்குக் கதவு உண்டு, உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். பெண்களுக்கு மட்டுமான அறையும் கேட்டு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அங்கே சில வண்டிகள் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து மேற்கே போகும் வண்டி ஹாம் என்ற ஊரில் பிரிந்து, ஒரு பாதி டூசல்டார்ஃப் பக்கமும் மறுபாதி கொலோன் பக்கமும் போகும். கொலோன் போகக் கிளம்பிய நான், வண்டி ஒரு நிலையத்தில் நின்றபோது இறங்கி, கழிப்பறையைத் தேடி முன்பெட்டியில் ஏறி, காலி இருக்கையைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பையும் தோழிகளும் கொலோன் போய்ச் சேர்ந்தார்கள், நான் டூசல்டார்ஃபில் முழித்துக்கொண்டு நின்றேன். (அதே ஹாமில்தான் ஈழத் தமிழர்கள் எழுப்பிய பெரிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. அன்று எனக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் வேண்டிக்கொண்டிருப்பேன்.) இரவு ரயில்களிலும் பெட்டிகளைக் கழற்றி மாற்றிக் கோர்ப்பதுண்டு. வெளியே பெட்டியின் பலகையில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்து ஏறுங்கள். பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு இருக்கட்டும்.

இனி அறை விஷயம். அம்மா கேள்விப்பட்டது உண்மைதான். பெரும்பாலான ஹாஸ்டல்களில் ஆண் பெண் கலந்த அறைகள் உண்டு. அதே கட்டடத்தில் பெண்களுக்கு மட்டுமான அறைகளும் பல இடங்களில் இருக்கும், கொஞ்சம் கூடுதல் விலையில். ஐந்து என்பது ஹாஸ்டலுக்கு ஒத்துவராத எண். அறைகள் நான்கு, ஆறு, எட்டுக் கட்டில்களாகத்தான் இருக்கும். உங்களில் நான்கு பேர் பெண்கள், அது வசதியாகப் போயிற்று. நான்கு கட்டில் அறையை முழுதாக எடுத்து நீங்கள் பூட்டிக்கொள்ளுங்கள். அண்ணன் பொது அறையில் ஒரு கட்டில் எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கும் புதிதாக நாலு பேர் பழக்கமாவார்கள். நாள் முழுக்க நான்கு பெண்களுக்குப் பொறுப்பாளராக இருப்பவருக்கு இரவிலாவது விடுமுறை வேண்டாமா?

உங்கள் தோழிகள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. "அண்ணன் கூடவே இருக்க வேண்டும்" என்பது அம்மா உங்களுக்கும் தங்கைக்கும் போட்ட நிபந்தனை. அவர்கள் வீட்டில் யாரும் உங்கள் அண்ணனைக் காவலுக்கு வைக்கவில்லை. இதை அண்ணனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், தோழிகள் சொன்னால் விஷயம் வேறாகிவிடும். டிக்கெட், விசா, கணக்கு அவர் கையில் இருக்கட்டும், அதில் அவர் கெட்டிக்காரர் என்று தெரிகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாளை மட்டும் எக்செலில் காலியாக விடச் சொல்லுங்கள். அன்று யாரும் யாரோடும் போகலாம், படுத்தும் தூங்கலாம், இரவுச் சாப்பாட்டுக்கு ஹாஸ்டலில் சேர்ந்தால் போதும். தங்கையின் செலவை நீங்களும் அண்ணனும் பங்கிடுங்கள். ஐந்தாக வகுக்கும் கணக்கில் அவளையும் போட்டுவிட்டு, "அவ சின்னப் பொண்ணுதானே" என்று பிறகு தள்ளுபடி கேட்டால் தோழமை கெடும். காபி, பஸ், காய்கறிக்கு ஒரு பொதுப் பர்ஸ். அதை அண்ணனிடம் கொடுக்காமல் தோழிகளில் ஒருவரிடம் கொடுங்கள். கார்டு மெஷின் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதம் தலையில் விழும்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். பல ஹாஸ்டல்களில் பொதுச் சமையலறை உண்டு, சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். பாரிஸில் லா சப்பல் பக்கம் போனால் இடியப்பமும் கொத்து ரொட்டியும் தமிழ்ப் பெயர்ப்பலகையும் உங்களை வரவேற்கும். மியூனிக் வண்டி புறப்படும் கார் தெ லெஸ்த் நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். வடையும் சோறும் பொட்டலம் கட்டிக்கொண்டு ஏறுங்கள், ஆறு மணி நேரப் பயணத்துக்குத் தாங்கும்.

சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். வெனிஸில் பாலங்கள் மட்டும் 400-க்கு மேல், அநேகமாக எல்லாவற்றிலும் படிக்கட்டு. பை எட்டுக் கிலோவைத் தாண்டக்கூடாது. சிறு பூட்டு ஆளுக்கொன்று, லாக்கருக்கு. ஹாஸ்டலில் படுக்கை விரிப்பு தருவார்கள், துண்டுக்குப் பல இடங்களில் காசு. அதைப் போய் ஈரோட்டுக்காரரிடம் சொல்கிறேன் பாருங்கள்! மெல்லிய பருத்தித் துண்டாக ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ரயில் ஜன்னலோரம் போட்டாலே காய்ந்துவிடும்.