தோலுக்காக முகத்தில் ஒளி பாய்ச்சும் எல்இடி மாஸ்க் வாங்கியாச்சு, எப்படிப் போடுவது?

கேள்வி: கையேட்டில் 10 நிமிடம் என்று இருக்கிறது. அரை மணி நேரம் போட்டால் சீக்கிரம் பலன் தெரியுமா?

பதில்: தெரியாது. ஒளி அளவு மிஞ்சினால் பலன் குறையவும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்று கையேட்டில் இருக்கும். அதை வினாடியால் பெருக்கி 1000ஆல் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் விழும் ஒளியின் அளவு ஜூலில் வந்துவிடும். 30 மில்லிவாட் கருவியில் 10 நிமிடத்துக்கு 18 ஜூல். அரை மணிக்கு 54. அந்த மில்லிவாட் எண்ணையே போடாத கருவியை வாங்காமல் இருப்பதே மேல். முகத்தில் மாட்டாமல் எதிரே வைக்கிற பேனல் வகை என்றால், எவ்வளவு தூரத்தில் அளந்தது என்றும் பாருங்கள். 15 செ.மீ.யில் அளந்த எண்ணை நம்பி 40 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் மொத்தக் கணக்கும் தப்பு.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. வெயிலில் கண்ணை மூடினாலும் செக்கச்செவேல் என்று தெரிகிறதே, இமை அவ்வளவுதான் தடுக்கும். சில கருவிகளில் வரும் 850 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) அகச்சிவப்பு கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. பல்பு எரியவில்லை என்று உற்றுப் பார்த்துவிடாதீர்கள். கருவியோடு வந்த கண்மூடியைப் போடுங்கள். விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சருமப் பொருள் நிறுவனமான நியூட்ரோஜீனா 2019இல் தன் மாஸ்க்கைத் திரும்பப் பெற்றதும் இந்தக் கண் விஷயத்தால்தான்.

கேள்வி: எனக்கு மங்கு இருக்கிறது. நீல ஒளி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 415 நானோமீட்டர் நீலம் பருவுக்கானது. மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அது கருமையைக் கூட்டிவிடும். சிவப்பு ஒளியானாலும், முகம் சுடுகிற கருவி மங்கைக் கிளறும்.

கேள்வி: டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: மருந்து முடியட்டும். பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதையசைட், இதயத்துக்கான அமியோடரோன் எல்லாம் இதே ரகம். ஒளி பட்டால் தோல் எரியலாம். அமியோடரோன் நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். லூபஸ், போர்ஃபிரியா போன்ற, ஒளி ஒத்துக்கொள்ளாத நோய்கள் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: சீரம் தடவிவிட்டுப் போடலாமா?

பதில்: கழுவித் துடைத்த வெறும் முகம்தான் நல்லது. சன்ஸ்கிரீன் ஒளியை மறிக்கலாம். ரெட்டினால் எல்லாம் பிறகு.

கேள்வி: ஒவ்வொரு முறையும் நெற்றியில் ஒரே இடம் சிவக்கிறது. ஏன்?

பதில்: பட்டை இறுக்கமாக இருக்கும், அல்லது அந்த இடத்து பல்பு சூடேறும். 10 நிமிடம் எரியவிட்டு, அணைத்தவுடன் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் கருவியில் கோளாறு. மாற்றித் தரச் சொல்லுங்கள். சூடே இல்லை என்றால் பட்டையை ஒரு துளை தளர்த்துங்கள். மறுநாளும் சிவப்பு போகவில்லையா, நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.