அண்ணன் எதுவும் சொல்லவில்லை

கேள்வி: அக்கா, பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்துவிட்டேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் படிக்க ஆசை. அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார். "கணக்கியல் எடு, பழைய கதை சோறு போடாது" என்கிறார். பெரியப்பா வீட்டில் கேலி. அம்மா என் பக்கம். அண்ணன் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தில் ஏ பிளஸ் எடுத்தவர். ஜொகூர் பாருவில் தங்கி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார். அவர் எதுவும் சொல்லவில்லை. அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அப்பாவை அப்புறம் பார்ப்போம். இதே கடிதம் கூலிமிலிருந்தும் பீடோரிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரு அப்பா முறைப்பார், ஒரு பெரியப்பா சிரிப்பார். நான் உன் அண்ணனிடம்தான் நின்றுவிட்டேன்.

எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? பல பள்ளிகளில் அட்டவணையிலேயே அதற்கு இடம் கிடையாது. யாரோ ஒரு ஆசிரியர் தன் சொந்த நேரத்தில் நடத்தும் வகுப்புக்குச் சனிக்கிழமை போய் உட்கார வேண்டும். கூட்டாளிகள் திடலில் பந்து உதைக்கும் நேரத்தில் செய்யுளை மனப்பாடம் செய்து ஏ பிளஸ் எடுத்த பையன், உன்னைப் போல ஆறாம் படிவத்துக்குப் போகாமல் ஜொகூருக்கு ஏன் பஸ் ஏறினான்? அந்த வருஷம் உங்கள் வீட்டில் என்ன கஷ்டம்? ஆசிரியரிடம் கேட்டிருப்பாய், அம்மாவிடம் கேட்டிருப்பாய், முகம் தெரியாத என்னிடம்கூடக் கேட்டுவிட்டாய். அவரிடம் ஒரு தடவை கேட்டாயா?

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் போகும் அந்தப் பாலத்தைக் காலையில் நான் பார்த்திருக்கிறேன். விடியவே இல்லை, மோட்டார்கள் கண்ணுக்கெட்டின தூரம் நிற்கின்றன, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் காலை ஊன்றி ஊன்றி அடி அடியாக நகர்கிறார்கள். அதில் ஒருவர் உன் அண்ணன். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய், வசதியாக இருக்கிறது, இல்லையா? நம் வீடுகளில் மூத்த பிள்ளை வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. திறந்தால் அனுப்பும் பணத்தைச் சொல்லிக்காட்டியதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம். என் அக்காவும் அப்படித்தான் இருந்தார், நான் கேட்டபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

பணம் அனுப்புகிறவர் சொல்வதைத்தான் நீ படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும், அது உன் கடமை. பழைய பேச்சு என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

சரி, படிப்பு. நீ கேட்ட இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது, தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் தலைவராக இருந்த துறை. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. பெரியப்பாவுக்கு இது போதும். அப்பாவுக்குப் போதாது, அவர் பயம் நியாயமானது. பட்டம் வாங்கியதும் வேலை கதவைத் தட்டும் என்று அவரிடம் அளக்காதே. வாத்தியார் வேலைதான் எண்ணம் என்றால் உங்கள் பேராக்கிலேயே தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வியியல் இருக்கிறது, அதையும் விசாரி. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனை எடுத்தால் திருப்பிக் கட்டியாக வேண்டும், முதல் வகுப்பு எடுத்தால் விலக்குக் கேட்கலாம். முதல் வகுப்பு எடு. பண்பாட்டைக் காக்கப் போகிறேன் என்று மேடையில் பேசுகிறவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.

அப்புறம், அந்தப் "பழைய கதை". 1948 ஜூன் 16இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்டு, நாடே அவசரகாலத்துக்குள் போனது உன் ஊரிலிருந்துதான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர்களின் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அன்றைய அமைச்சர் துன் சம்பந்தனும் உன் ஊர்க்காரர்தான். உன் தாத்தா அதில் பங்கு எடுத்தாரா? அப்பா லோரியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிடும்போது கேட்டுப் பார், கணக்கியலை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினாலும் பேசுவார்.

ஆனால் அதற்கு முன்னால் அண்ணன். அவருடைய ஓய்வு நாளில் கூப்பிடு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித் தப்பித்துக்கொள்ளாதே. "நீ படி, நான் பாத்துக்கிறேன்" என்று இரண்டே நிமிஷத்தில் பேச்சை முடிக்கப் பார்ப்பார், விடாதே. இலக்கியம் யாரிடம் படித்தீர்கள், ஆறாம் படிவம் ஏன் போகவில்லை என்று கேள். அவர் பேசி முடிக்கிறவரை குறுக்கே பேசாதே. பல்கலைக்கழகத்துக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தை அதற்கப்புறம் நிரப்பு.